காய்க்காரியின் பேச்சு

“…அதெல்லாம் இருக்கட்டுங்க சாமி. வாய் என்னுதுதானுங்களே? அப்புறம் பேச்சு ஆருதுங்க?”

டூரிங் கொட்டகையில் ரீல் மாற்ற விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரே மெஷினை வைத்து ஓட்டுகிற கொட்டகை அது. ஒரு ரீல் தீர்ந்து அடுத்ததை மாட்டும் வரைக்கும் விளக்கு எரியும். முறுக்குக்காரன் உள்ளே வருவான், குழந்தைகள் அழும், ஆண்கள் வெளியே போய்விட்டு வருவார்கள். நானும் அவளும் மெஷின் அறைச் சுவரோரம் நின்றிருந்தோம். அவள் தலைக்கு முக்காடு போட்டிருந்தாள். நான் முதல்முதலாக டைரக்ட் செய்த படம் அது. அதில் காய்கறி விற்கிற கிழவியாக நடித்தவள் அவள். அவள் நடித்த காட்சி ஓடி முடிந்த கையோடுதான் என்னிடம் அப்படிக் கேட்டாள்.

திரையில் அசைந்தது அவள் வாய். வந்தது வேறு எவளோ ஒருத்தியின் குரல். கதை எழுதியவன் நான், வசனம் எழுதியவன் நான், டைரக்டர் நான். அது யார் குரல் என்று எனக்கே தெரியாது. ஒரு டைரக்டருடைய நிலைமையைப் பாருங்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. பத்து வயசுக்கு மேல் படித்ததெல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு புளி மண்டியில். மூட்டையை இறக்குவது, பிரித்துக் கொட்டுவது, தரம் பார்ப்பது என் வேலை. ஆனால் என் காதுக்கு அங்கே வேறு வேலை இருந்தது. கொல்லிமலைப் பக்கத்திலிருந்து புளி கொண்டுவருகிற ஒருவர், “இதுல ஒரு சுளைய நாக்குல வெச்சுப் பாருங்க, செத்த பாட்டன் எந்திரிச்சு உக்காந்து ரசம் கேப்பான்” என்பார். மண்டிக்காரரின் கஞ்சத்தனத்தைப் பற்றி ஒரு கூலிக்காரப் பெண்பிள்ளை சொன்னாள்: “அவரு கைய விரிச்சா ரேகை தெரிஞ்சு போயிருமுங்க. ஆயுசு எத்தனைன்னு நாம பாத்துருவோம்ல, அதான் விரிக்க மாட்டேங்கறாரு.” இப்படிப் பேச ஒருவரும் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெயிலில் நின்று பேசிப் பேசியே வந்த பேச்சு. நான் புளியைத் தரம் பிரித்த மாதிரி இதையும் தரம் பிரித்து மனத்துக்குள் போட்டு வைத்தேன்.

சேலத்துக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனிக்குக் காமிக் எழுத ஆள் வேண்டியிருந்தது. ராஜபார்ட் பாடிப் பாடி ஜனங்கள் தூங்கப்போகும் நேரத்தில் இரண்டு பேர் வந்து சிரிக்க வைக்க வேண்டும். மண்டிப் பேச்சை அப்படியே எழுதிக் கொடுத்தேன். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கம்பெனி வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. “இது வசனம் இல்லை தம்பி, இது சந்தை” என்றார். சந்தை என்பதை அவர் வசவாகச் சொன்னார் என்பது எனக்குப் புரியவே ரொம்ப நாளாயிற்று.

பேசும் படம் வந்ததும் அந்தக் கம்பெனியையே மொத்தமாகக் கல்கத்தாவுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற ஆளாக நானும் போனேன். அங்கே டைரக்டருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. சத்தம் பிடிக்கிறவருக்கும் தெரியாது. ஒருநாள் ராஜா வேஷக்காரர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து வசனத்தை மறந்துவிட்டார். மறந்தவர் நிறுத்தவில்லை. அதே கம்பீரத்தோடு, அதே கையசைப்போடு, “மந்திரி! இன்று நமக்கு வைத்த சாம்பாரில் உப்பில்லை. உடனே ஆவன செய்க!” என்று முழங்கினார். டைரக்டர் எழுந்து நின்று “ஓக்கே” என்று கைகொடுத்தார். நான் ஓடிப்போய் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, முகம் நன்றாக வந்திருக்கிறது, பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்றார்.

நான் அவரை முட்டாள் என்று நினைத்தேன். படம் சேலத்துக்கு வந்தபோது சனத்தோடு சனமாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ராஜா சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். அதே சனம்தான், அதே சேலம்தான், என் மண்டிப் பேச்சுக்குப் புரண்டு சிரித்தது. சிரிப்பு வேறு, மரியாதை வேறு என்று அன்றைக்கே நான் தெரிந்துகொண்டிருக்கலாம். தெரிந்துகொள்ளவில்லை.

அப்புறம் சேலத்திலேயே படம் எடுக்க ஆரம்பித்தார்கள். என் முதலாளி செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்தவர். ஆத்தூர் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லை வாங்கி ஸ்டூடியோ ஆக்கினார். மில்லை மூடினாலும் அதன் சிட்டுக்குருவிகள் போகவில்லை. கூரைச் சந்தில் குடும்பம் குடும்பமாக இருந்தன. படப்பிடிப்புக்கு விளக்குகளைப் போட்டால் போதும், விடிந்துவிட்டது என்று நினைத்து அத்தனையும் ஒரே சமயத்தில் கத்தும். கதாநாயகி கண்ணீர் விட வேண்டிய நேரத்தில் மேலே கல்யாண வீடு மாதிரி இருக்கும். மிளகாய் வற்றலைக் கொளுத்திப் புகை போட்டு விரட்டுவோம். குருவி போகும், கதாநாயகிக்கு இருமல் வரும். கிளிசரின் இல்லாமலேயே கண்ணீர் வந்த படங்கள் எங்களுடையவை.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. படம் முடிந்ததும் டவுன் தியேட்டர்களுக்கு அனுப்பும் முன்னால், கொட்டகை அப்போது எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே சாயங்கால ஆட்டத்தில் ஒருதரம் ஓட்டிப் பார்ப்பார். பின்னால் நின்று திரையைப் பார்க்க மாட்டார். முறுக்குக்காரனைத்தான் பார்ப்பார். படம் ஓடும்போதே எந்த இடத்தில் சனங்கள் திரும்பிக் கைநீட்டி முறுக்கு வாங்குகிறார்களோ அந்த இடத்தில் காட்சி சரியில்லை என்று அர்த்தம். மறுநாள் வந்து, “அந்தத் தாயும் மவனும் சேர்ற எடத்துல முறுக்கு ஓடுச்சு. வெட்டிப் போடு” என்பார். எத்தனையோ தாய்மார்களை நாங்கள் முறுக்குக்குப் பலி கொடுத்திருக்கிறோம்.

அந்த ஸ்டூடியோவில் வருஷக்கணக்கில் வசனம் எழுதினேன். படத்தில் வசனம் என்று வேறொரு புலவர் பெயர் வரும். நான் எழுதியதை எடுத்து, சந்தை வாடை அடிக்கிற இடத்தையெல்லாம் கழுவித் துடைத்து இலக்கணத்துக்குள் மடித்து வைப்பது அவர் வேலை. மாட்டுக்காரன் “நாதா” என்பான். வண்ணாத்தி “அந்தோ” என்பாள். நான் ஒன்றும் சொன்னதில்லை. டைரக்டராகிற ஒருநாள் வரும், அன்றைக்கு என் ஆட்கள் வாயைத் திறந்தால் அவரவர் பேச்சுத்தான் வரவேண்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

அந்த நாள் யுத்த காலத்தில் வந்தது. எங்கள் டைரக்டர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டணம் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “ஏப்பா, நீயே எடுத்துப் போடேன். நீ என்ன, குதிரை வண்டி வேணும், குளிர்ந்த தண்ணி வேணும்னா கேக்கப் போற?” என்றார். இப்படித்தான் நான் டைரக்டர் ஆனேன்.

கதை என்னுடையது. பெரிய பண்ணாடி ஒருவர், எங்கள் பக்கத்தில் பெரிய விவசாயியைப் பண்ணாடி என்பார்கள், கஷ்டப்பட்டு வாசலுக்கு வந்த தங்கையை யாரென்றே தெரியாது என்று அனுப்பிவிடுகிறார். அவள் செத்துப்போகிறாள். அவள் மகள் சந்தையில் கூடை சுமக்கிறாள். அந்தப் பெண் யார் என்ற உண்மை ஒரு காய்க்காரக் கிழவிக்கு மட்டும் தெரியும். கிழவி நடுச்சந்தையில் பண்ணாடியை நிறுத்தி வைத்துத் திட்டுகிறாள். அந்தத் திட்டில்தான் உண்மை வெளியே வருகிறது. அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

கிழவிக்கு ஆள் தேடினபோதுதான் இவள் வந்தாள். நாடகக் கம்பெனிகளில் வேலைக்காரி, பூக்காரி என்று நின்றுவிட்டுப் போகிற வேஷங்கள் போட்டவள். நாற்பது வயது இருக்கும். திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு ஊர். வசனத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “எழுத்தெல்லாஞ் செரிங்க சாமி. ஆனா வையறவ இப்படி வரிசையாவா வைவா?” என்றாள்.

“பின்னே எப்படி அம்மணி வைவா?”

“மொதல்ல மரியாதையா ஆரம்பிப்பாளுங்க. ‘ஏனுங்க’ன்னுதான் கூப்பிடுவா. கேக்கறவன் நம்மள வையலைன்னு நெனச்சு நிக்கோணும். அப்புறமேட்டுக்குத்தான் காம்பக் கிள்ளோணும்.”

இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தத் திட்டைச் செய்தோம். பெரும்பாகம் அவள் சொன்னது. நான் ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். அவள் பேசப் பேச ஸ்டூடியோத் தச்சர்கள் உளியை வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்கள்.

“ஏனுங்க பண்ணாடி, கத்திரிக்காய்க்குக் காம்பு பாத்து வாங்கறீங்க, கூடப் பொறந்தவளுக்கு மொகம் பாத்தீங்களா? உங்கூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப நீ எந்தூருன்னு கேட்டா காட்டறீங்க? அவ ஒரு சொம்புத் தண்ணி கேட்டதுக்கு எந்தூருன்னு கேட்டீங்களாமே. அவளுக்கு எந்தூருங்க? உங்கம்மா வவுறுதானுங்க அவளுக்கும் ஊரு…”

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, தச்சர்களைப் பார்க்கவில்லை. வேறு யாரையோ நிறுத்தி வைத்துப் பேசினாள். யாரை என்று கேட்டேன்.

புருஷன் செத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். அண்ணன் மனைவியை அந்தப் பக்கம் நங்கையா என்பார்கள். நங்கையாளுக்குக் களை எடுத்து, சாணி அள்ளி, பிள்ளை வளர்த்துக்கொண்டு இருந்தாள். ஊருக்கு நாடகக் கம்பெனி வந்தபோது அவர்களுக்குச் சோறாக்கப் போனாள். ஒருநாள் வேலைக்காரி வேஷக்காரிக்குக் காய்ச்சல். இவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நாலு வார்த்தைதான் பேசினாள். காலையில் அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நங்கையா மட்டும் வெளியே நின்று, தெரு கூடும் வரைக்கும் வைதாள். அண்ணன் உள்ளேயே இருந்தார். அன்றைக்கே இவளைச் செத்தவளாக வைத்துத் தலை முழுகிவிட்டார்கள்.

“அன்னிக்கு எனக்கு வாயே வரலீங்க சாமி. நாடகத்துல பேசத் தெரிஞ்சவளுக்கு வாசல்ல பேசத் தெரியலை. அப்புறம் ஊரூராப் போறப்ப, சோறு திங்கறப்ப, படுத்தா எந்திரிச்சா, இன்னதச் சொல்லியிருக்கலாம், அன்னதச் சொல்லியிருக்கலாம்னு சேத்து வெச்சதுதானுங்க இத்தனையும்.”

“படத்துல கிழவி வேஷம் அம்மணி. வெள்ளை மயிர், சுருக்கம் எல்லாம் போட்டுருவோம். உங்க வீட்டுக்காரங்களுக்கு நீதான்னு எப்படித் தெரியும்?”

“மூஞ்சி எதுக்குங்க? எங்க நங்கையாளுக்கு என்ற தொண்டை தெரியும். அந்த ஊட்டுல மாட்ட அதட்டுனதும் நான்தான், கோழிய வெரட்டுனதும் நான்தான்.” சிரித்தாள். “அவங்க காசு குடுத்துச் சீட்டு வாங்கோணும். மண்ணுல உக்காரோணும். நான் பேசறதக் கேக்கோணும். எதுத்துப் பேசவும் முடியாது, கதவச் சாத்தவும் முடியாது பாருங்க. எனக்கு இது ஒண்ணு போதுமுங்க. இதுக்கப்புறம் நீங்க எனக்கு வேஷமே குடுக்காட்டியும் செரி.”

எத்தனையோ நடிகர்கள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பாட்டு வேண்டும், கிளோசப் வேண்டும், பெயர் பெரிதாக வேண்டும். தன் தொண்டையைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

படமெடுத்த நாளில் ரோட்டில் சிவப்புத் துணியோடு ஆளை நிறுத்தி, மணி கட்டின மாட்டு வண்டிகளையெல்லாம் தூரத்திலேயே மறித்தோம். குருவிக்குப் புகை போட்டு, புகை அடங்கக் காத்திருந்தோம். ஒரே டேக். முடிந்ததும் எதிரில் பண்ணாடியாக நின்ற நடிகர் வசனத்தை விட்டுவிட்டார். அவர் பேச வேண்டியது ஒரு வரி. பேசாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அதையே வைத்துக்கொண்டேன். நான் எடுத்த படங்களில் நல்ல காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பார்த்தவர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள்.

அந்த ஐந்தாறு பேரில் ஒருவர் தெற்கிலிருந்து வந்த விநியோகஸ்தர். ஸ்டூடியோவில் அவருக்குப் போட்டுக் காட்டினோம். காய்க்காரி வந்ததும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கடைசியில் மேல்துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். விளக்குப் போட்டதும் முதல் வார்த்தையாக, “அந்தக் கிழவி பேச்சை மாத்திருங்கய்யா” என்றார்.

“சிரிச்சீங்களே?” என்றேன்.

“சிரிச்சேன்யா. இல்லேங்கலையே. ஆனா இதைத் திரையிலே காட்டினா எங்க பக்கம் என்னய்யா சொல்லுவாக? சினிமாவுக்குப் போனோம், சந்தையிலே நின்னுட்டு வந்தோம்பாக. சந்தைக்குத்தேன் சீட்டு வேண்டாமே.”

அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏப்பா, இந்தப் பேச்ச எவன்டா படத்துல பேசுவான்? நாலு பேரு காதுல உழுந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? எடுத்து அக்கட்டால போடு” என்றார். காய்க்காரி பேச்சுக்கும் அவர் பேச்சுக்கும் ஒரு சொல் வித்தியாசம் கிடையாது. தன் வீட்டில், கடையில், படுக்கையில் பேசுகிற பேச்சாலேயே அந்தப் பேச்சை அவர் வெளியே தள்ளினார். நங்கையாளாவது வாசலில் நின்று தள்ளினாள்.

காட்சியை எடுத்துவிட்டால் கதை நிற்காது என்றேன். திரும்ப எடுக்கலாமென்றால் சந்தை செட்டைப் பிரித்தாகிவிட்டது, யுத்தத்தில் பிலிம் கிடைப்பதே பெரும்பாடு என்றேன். முதலாளி யோசித்துவிட்டுப் பேசாமல் போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பேசாமல் போனால் வியாபாரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதை மண்டியில் வேலை பார்த்த எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டாம்.

மறுவாரம் அடுத்த படத்துக்கு இடம் பார்க்க என்னை நாமக்கல்லுக்கு அனுப்பினார். மலைக்கோட்டை அடியில் சண்டைக் காட்சி, நல்ல குதிரை பிடிக்க வேண்டும், இருந்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வா என்றார். போகும் முன்னால், “இந்தப் படத்த எந்த ஊர்லப்பா ஓட்டிப் பாக்கலாம்?” என்றும் கேட்டார். நான் சந்தோஷமாகக் காய்க்காரியின் ஊரைச் சொன்னேன். “செரி, அங்கியே கொட்டாயப் போடச் சொல்றேன்” என்று ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டார்.

நான் குதிரை தேடிக்கொண்டிருந்த நாட்களில் பட்டணத்திலிருந்து நாடகம் படித்த ஒரு அம்மாளை வரவழைத்து, படத்தை ஓட்டிக் காட்டி, அந்த வாய்க்கு வேறு வசனம் பேச வைத்துவிட்டார்கள். எழுதித் தந்தவர் அதே புலவர். அப்படிச் செய்ய முடியும் என்பதே அப்போது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஒருத்தி வாய்க்கு இன்னொருத்தி பேசுவது என்பது குறளிவித்தைக்காரன் வேலை என்றுதான் நினைத்திருப்போம்.

இது ஒன்றும் தெரியாமல் நாமக்கல்லிலிருந்து நேராக, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். அவளுக்கு முன்பே சொல்லியனுப்பியிருந்தேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து, கொட்டகைக்குப் பின்னால் வண்டியோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். “வந்துட்டாங்க சாமி” என்றாள். “ரெண்டு பேரும். அண்ணன் பெஞ்சுக்குச் சீட்டு வாங்குனாருங்க. பெரிய மனுசரு. நங்கையா தரைக்கு.” முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். “நானு ஒளிஞ்சு நின்னு பாத்தேன். காசு எண்ணித்தான் குடுத்தாங்க.”

முதலாளியும் வந்திருந்தார். முறுக்குக்காரன் தெரியும்படியாக ஒரு மூங்கில் காலோரம் நின்றுகொண்டார். எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அவர் எனக்குக் கும்பிடு போடுகிறவர் இல்லை.

அண்ணன் உட்கார்ந்த பெஞ்சு எங்களிடமிருந்து கை நீட்டினால் தொடும் தூரம். தலைப்பாகை, தோளில் துண்டு. படம் நன்றாகத்தான் ஓடியது. சந்தைக் காட்சி வந்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் கிழவி கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள், வாயைத் திறந்தாள்.

“ஐயனே! உடன்பிறந்த உத்தமியை உதாசீனம் செய்த உம்மை இவ்வுலகம் மன்னிக்குமா? இதோ, இக்கூடை சுமக்கும் பேதை யார் என்றறிவீரா?”

கணீரென்ற குரல். வீணைக் கச்சேரிக்கு வந்த மாதிரி ஏற்ற இறக்கம். அவள் கை என் சட்டையிலிருந்து கழன்றது. குரல் நின்ற பிறகும் கிழவியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. புலவரின் வசனம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது, அவளுடைய திட்டு நீளம். சத்தமே இல்லாமல் கையை ஆட்டி, காறித் துப்பி, இடுப்பில் கைவைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். சனங்கள் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. கைதட்டினார்கள்.

ரீல் தீர்ந்து விளக்கு வந்தது. அண்ணன் பக்கத்து ஆளிடம் திரும்பினார். “பேச்சுன்னா இது பேச்சுங்க. படிச்ச பொம்பளைன்னா அது தனிதான். நம்மூட்டுப் பொம்பளைகளுக்கும் இருக்குதே வாயி.”

நான் முதலாளியிடம் போனேன். “யார் குரல் இது?” என்றேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. “ஆரோ பட்டணத்தம்மா, அது கெடக்குது போ. அந்த எடத்துல பாத்தியா? முறுக்கு ஒண்ணு விக்கல. ஒண்ணு! இனி உன்ற பேரு தானா நிக்கும்பா” என்று முதுகில் தட்டினார். நிஜமாகவே எனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தார். அவர் சொன்னபடியே நடந்தது. படம் எல்லா ஊரிலும் ஓடியது. அதற்கப்புறம் எனக்குப் படம் இல்லாத வருஷம் இல்லை. என் படங்களில் வண்டிக்காரன், கூலிக்காரன், காய்க்காரி எல்லோரும் புலவர் பேச்சுத்தான் பேசினார்கள். வசனத்துக்காகப் பேர்போன டைரக்டர் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். சந்தைக்குப் போனால் இப்போதும் என் காது வேலை செய்கிறது, ஆனால் யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

திரும்பி அவளிடம் வந்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். எனக்குத் தெரியாமல் நடந்துபோயிற்று அம்மணி, விநியோகஸ்தர் சொன்னார், முதலாளி சொன்னார், பட்டணத்தில் இப்போது இப்படித்தான் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள். அப்போதுதான் அதெல்லாம் இருக்கட்டும், வாய் என்னுதுதானே, பேச்சு ஆருது என்று கேட்டாள்.

“பட்டணத்து அம்மா ஒருத்தர். எனக்கும் ஆருன்னு தெரியாது அம்மணி” என்றேன்.

அவள் பெஞ்சில் இருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்குக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு தரையில் பெண்கள் பக்கத்தைப் பார்த்தாள். நரைத்துப்போன ஒரு பெரிய உடம்புக்காரி, மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பேரப்பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற முழங்கால் உயர மண் சுவரைத் தாண்டினாள். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் பார்த்துப் பார்த்து அடி வைத்துப் போய் அந்தப் பெரிய உடம்புக்காரிக்கு எதிரில், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“ஏனுங்க நங்கையா” என்று மரியாதையாக ஆரம்பித்தாள்.

பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்து நின்றார். உள்ளே மெஷின்காரனுக்கு இது ஒன்றும் தெரியாது. விளக்கு அணைந்தது, அடுத்த ரீல் பாட்டோடு ஓடத் தொடங்கியது. அவள் நிறுத்தவில்லை.